சயாமுக்குப் போன தாத்தாவைத் தேடுறது எப்படி

எங்க அப்பத்தாவோட அப்பா கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு பொறந்ததும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல. வீட்டுல யாரைக் கேட்டாலும் "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான்"னு ஒரே வரிதான். சயாம்னா இன்னிக்குத் தாய்லாந்து. யாரு புடிச்சா, எதுக்குப் புடிச்சா, எந்த வருஷம், ஒன்னும் தெரியாது. சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கம் ரெண்டு தெருவுக்கு ஒரு வீட்டுல இப்படி ஒரு ஆள் கண்டிப்பா இருப்பாரு. மலாயா இல்லாட்டி பர்மா, அதுவும் இல்லாட்டி பட்டாளம். நான் ரெண்டு வருஷமா லீவு நாள்ல உக்காந்து தேடினதுல எது வேலைக்கு ஆச்சு, எதுல நேரம் வீணாச்சுன்னு எழுதுறேன்.

ஒன்னு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் ஏமாந்துட்டேன்னு என்னைத் திட்டக் கூடாது. உங்க ஆளு சிப்பாயா செத்திருந்தா பேரு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கூலியா செத்திருந்தா பேரு பெரும்பாலும் கிடைக்காது, இடமும் காலமும்தான் கிடைக்கும்.

கம்ப்யூட்டரை அப்புறம் தொடலாம், முதல்ல பெருசுங்ககிட்ட உக்காருங்க

"எந்த வருஷம் போனாரு"ன்னு கேட்டா யாருக்கும் பதில் வராது, நானும் அப்படித்தான் கேட்டு கேட்டு அலுத்துட்டேன். அப்புறம்தான் கேள்வியை மாத்தினேன். கடைசி கடுதாசி வந்தப்ப வீட்டுல என்ன விசேஷம் நடந்துச்சு, அப்ப யாரு கைக்குழந்தை, யாரு வந்து சேதி சொன்னா, இப்படிக் கேட்டுப் பாருங்க. எங்க அப்பத்தா அதுக்கு டக்குனு சொல்லுச்சு: "எனக்குக் காது குத்த அப்பாதான் பணம் அனுப்புனாரு, அந்தத் தோடுதான் இது, அதுக்கப்புறம் கடுதாசியே இல்லடா." காதைத் தொட்டுக் காட்டிக்கிட்டே சொல்லுச்சு. அப்பத்தாவுக்கு அப்ப அஞ்சு வயசுன்னு வச்சுக் கணக்குப் போட்டா 1941 வருது. அந்த டிசம்பர்ல ஜப்பான் படை மலாயாவுக்குள்ள வந்ததோட அங்க இருந்து தபாலும் மணியார்டரும் நின்னு போச்சு, சரியாப் பொருந்துது பாருங்க.

இன்னொரு கேள்வி இருக்கு, கொஞ்சம் பக்குவமா கேக்கணும், கூட்டத்துல வச்சுக் கேக்காதீங்க. பூட்டி தாலியை எப்ப கழட்டுனாங்க? எங்க வீட்டுல 1946ல மலாயாவுல இருந்து திரும்பி வந்த ஒருத்தரு "சயாமுக்குப் போனவங்க யாரும் வரல"ன்னு சொல்லியிருக்காரு, ஆனா பூட்டி அதை ஒத்துக்கல, செத்ததைப் பார்த்தியா, பொணத்தைப் பார்த்தியான்னு கேட்டு அனுப்பிச்சிட்டு 1963ல தான் சாகுற வரைக்கும் பொட்டும் பூவுமா இருந்துச்சாம். இந்தக் கதை எனக்கு முப்பது வயசு வரைக்கும் யாரும் சொல்லல, கேட்டப்பதான் வந்துச்சு.

பேசும்போது போன்ல ரெக்கார்ட் போட்டு வைங்க. வார்த்தைகளைக் கவனிங்க. கங்காணி, லயம், பால்மரம், தொரை, கிராணின்னு வந்தா ரப்பர் எஸ்டேட் ஆளு. கங்காணி, அதாவது ஆள் சேர்த்து வேலை வாங்குற மேஸ்திரி, கூட்டிட்டுப் போன கூலின்னா 1938க்கு முன்னாடியே போயிருக்கணும், ஏன்னா அந்த வருஷம் மலாயாவுக்குக் கூலி அனுப்புறதை இந்திய அரசாங்கம் நிறுத்திடுச்சு. "ரஜூலா கப்பல்"னு சொன்னாங்கன்னா சந்தேகமே வேணாம், அது நாகப்பட்டினம், சென்னைப் பக்கத்துல இருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய் வந்துட்டு இருந்த கப்பல். பெட்டிக்குள்ள வாழை மரம் போட்ட நோட்டு கிடைச்சா அது ஜப்பான்காரன் மலாயாவுல அச்சடிச்சு விட்ட காசு, 1945ல வெறும் காகிதமாப் போச்சு.

எந்தத் தேதி எந்த வீட்டுக்கு

ரெண்டாம் உலகப் போர்னா 1939 செப்டம்பர் 1, போலந்து, ஹிட்லர்னு ஸ்கூல்ல படிச்சோம். ஆனா உங்க வீட்டுப் போர் எப்ப ஆரம்பிச்சுதுன்னு பார்க்கணும்னா வேற தேதிகள் வேணும்.

மலாயா வீடுன்னா 1941 டிசம்பர் 8. அன்னிக்கு நடுராத்திரி தாண்டி ஜப்பான் படை கோத்தா பாருவுல இறங்குச்சு, பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுறதுக்கும் கொஞ்சம் முன்னாடியே. டிசம்பர் 11 பினாங்கு ஜார்ஜ் டவுன்ல குண்டு போட்டாங்க, ஜனங்க ஏரோப்ளேனை வேடிக்கை பார்க்கத் தெருவுல நின்னுட்டு இருந்தப்பவே விழுந்துச்சு. 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் போச்சு, பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைஞ்சுது. அந்த 15ஆம் தேதி சீனப் புத்தாண்டு, அதனால "சீனப் பெருநாளப்ப வெள்ளக்காரன் தோத்தான்"னு யாராச்சும் சொல்லியிருந்தா கதை கரெக்ட்னு அர்த்தம்.

பர்மா வீடுன்னா 1941 டிசம்பர் 23, ரங்கூன்ல முதல் குண்டு. 1942 மார்ச் 8 ரங்கூன் ஜப்பான் கைக்குப் போச்சு. பணம் இருந்தவங்க, முந்திக்கிட்டவங்க கப்பல் ஏறிட்டாங்க, மத்தவங்க நடந்தாங்க. 4 லட்சம் பேருக்கு மேல நடந்தே இந்தியாவுக்கு வந்தாங்கன்னு கணக்கு, வழியில காலரா, மலேரியா, பசின்னு பல ஆயிரம் பேர் விழுந்துட்டாங்க. இதுல எந்த வழின்னு கண்டுபிடிக்கிறது ஈஸிதான். "அக்யாப், சிட்டகாங்"னு ஊர் பேரு வந்தா கடலோர வழி. "மணிப்பூர், டீமாப்பூர்ல ரயில் ஏறினோம்"னு வந்தா தமு வழியா மலை ஏறுனவங்க. அட்டைக்கடி, சேறு, லேடோன்னு பேச்சு வந்தா வடக்கால ஹுக்காங் பள்ளத்தாக்கு, அதுதான் ரொம்ப மோசம், மே மாசத்துக்கு அப்புறம் மழையில மாட்டுனவங்கதான் அங்க நிறைய செத்தது.

பர்மான்னாலே இங்க ஒரு குழப்பம் வரும், நானே ஒரு சொந்தக்காரர் விஷயத்துல ரெண்டு மாசம் தப்பா தேடினேன். 1942ல நடந்து வந்தவங்க வேற, 1960கள்ல நே வின் ஆட்சியில கடை கண்ணியெல்லாம் அரசுடைமை ஆனப்புறம் கப்பல்ல அகதியா வந்தவங்க வேற. பர்மா காலனி, பர்மா பஜார்னு பேரு வாங்குன கூட்டம் பெரும்பாலும் ரெண்டாவது கூட்டம். "பர்மாவுல இருந்து வெறுங்கையோட வந்தோம்"னு சொன்னா முதல்ல கேக்க வேண்டியது, நடந்தா, கப்பலா?

இலங்கையில இருந்தவங்கன்னா 1942 ஏப்ரல் 5 கொழும்பு, அன்னிக்கு ஈஸ்டர் ஞாயிறு, அப்புறம் ஏப்ரல் 9 திருகோணமலை. ஏப்ரல் 6 விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்து, மெட்ராஸ்ல பாதி ஊர் காலியாகி சொந்த ஊருக்கு ஓடுச்சு. "பட்டணத்துல குண்டு போடுவான்னு ஊருக்கு வந்துட்டோம்"னு தாத்தா சொன்னா இந்த மாசம்தான். ஆனா "எம்டன் குண்டு"ன்னு சொன்னா அது முதல் உலகப் போர், 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய் டேங்க்கைக் கொளுத்துன கதை. சரியான எம்டன்டா அவன்னு இன்னிக்கும் பேசுறோமே, அது அங்க இருந்து வந்ததுதான். ரெண்டு போரையும் பெருசுங்க சகட்டுமேனிக்குக் கலந்து சொல்லுவாங்க.

பழைய காகிதம் கையில இருந்தா வருஷத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க. ஜப்பான் ஆட்சிக் கால மலாயா பேப்பர்ல 2602, 2603ன்னு போட்டிருக்கும், அது ஜப்பான்காரனோட வருஷக் கணக்கு, 660ஐக் கழிச்சா நம்ம வருஷம். ஷோவா 17ன்னு இருந்தாலும் அதே 1942தான். சிங்கப்பூரை சியோனான்னு எழுதியிருப்பாங்க.

பட்டாளத்து ஆளா இருந்தா

இதுதான் இருக்குறதுலயே சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒன்னு இருக்கு, 1917ல ஆரம்பிச்சது, அவங்க வெப்சைட்ல செத்த சிப்பாய்ங்க பேரை ஃப்ரீயா தேடலாம். ரெண்டாம் போருக்கு அவங்க 1939 செப்டம்பர் 3ல இருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும் வேலையில இருக்கும்போது செத்தவங்களைச் சேர்த்திருக்காங்க. அதனால 1946ல காச்சல்ல ஆஸ்பத்திரியில செத்தாருன்னாலும் தேடிப் பாருங்க, சண்டையில சாகலையேன்னு விட்டுடாதீங்க.

பிரச்சனை பேருதான். நம்ம ஆளுங்களுக்கு ஒரே பேரு, அதைக் குடும்பப் பேருக்கான கட்டத்துல போட்டிருப்பாங்க, அதனால அங்கதான் டைப் பண்ணணும், முதல் பேரு கட்டத்தைக் காலியா விடுங்க. எழுத்து எப்படி வேணா இருக்கும். முனியாண்டிங்கிற பேரை மட்டும் நான் ஆறு விதமா அடிச்சுப் பார்த்தேன், கடைசியில ஒய் வருமா ஐ வருமா, நடுவுல எச் இருக்குமா, இப்படி ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு ஒன்னொன்னா அடிச்சேன். படை எதுன்னு கேக்குற இடத்துல இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுங்க, இல்லாட்டி ஆயிரக்கணக்குல வந்து கண்ணு பூத்துரும்.

கூடுதல் தகவல்னு ஒரு வரி இருக்கும், பொக்கிஷம் அங்கதான். அப்பா பேரு, பொண்டாட்டி பேரு, ஊரு, ஜில்லா, சில பேருக்கு இதெல்லாமே இருக்கும். ஜில்லா பேரு அந்தக் காலத்து வெள்ளைக்காரன் உச்சரிப்புல இருக்கும், டின்னவெல்லி (திருநெல்வேலி), டிரிச்சினோபொலி, டாஞ்சூர், ராம்நாட், சிங்கிள்புட் (செங்கல்பட்டு), நார்த் ஆர்காட். ஊர் பேரை இன்னும் கொடுமையாக் கடிச்சுத் துப்பியிருப்பான், வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, அப்பதான் புடிபடும்.

தேடுற விதம் கைக்கு வரணும்னா, தெரிஞ்ச ஒருத்தரை வச்சு முதல்ல பழகுங்க. மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் படையில இருந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 இத்தாலியில மிக்னானோ பக்கத்துல கண்ணிவெடி எடுக்கப் போன இடத்துல ஒன்னு வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் மத்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்துட்டாரு. பிரிட்டிஷ் அரசாங்கத்தோட பெரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க, அதை வாங்குன முதல் இந்தியரு இவருதான். நம்ம ஊருக்காரரு இத்தாலியில என்ன பண்ணினாருன்னு யோசிச்சீங்கன்னா, 25 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவத்துல ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மான்னு எங்க வேணாலும் அனுப்பியிருக்கான், அதுல சுமார் 87,000 பேர் செத்துட்டாங்க.

பேரு கிடைச்சா எந்த நினைவிடம்னும் வரும். ரங்கூன் பக்கத்துல தௌக்கியான்ல இருக்குற நினைவுத் தூண்கள்ல மட்டும் உடம்பு கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரோட பேரு இருக்கு, சிங்கப்பூர் கிராஞ்சி சுவர்ல 24,000க்கு மேல.

உயிரோட திரும்பி வந்தவரா இருந்தா அந்த வெப்சைட்ல இருக்க மாட்டாரு. அதுக்கு டிரங்குப் பெட்டியைக் கிளறணும். பட்டாளத்துல இருந்து விடுவிக்கும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக் கிடைச்சா ரெஜிமென்ட் நம்பர் இருக்கும், அது இருந்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ்னா பெங்களூருக்கும் எழுதிக் கேக்கலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல எப்படி எழுதணும்னு சொல்லுவாங்க. நம்பர் இல்லாம எழுதுனா பதில் வர்றது கஷ்டம். மெடல் மட்டும்தான் இருக்குன்னா நட்சத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க: பர்மா ஸ்டார்னா 1941 டிசம்பர் 11க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் நடுவுல அந்தப் பக்கம் இருந்திருக்காரு, ஆப்பிரிக்கா ஸ்டார்னா 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் நடுவுல. பேரனுங்க மெடலைப் புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடுவானுங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஓரத்துல ஏதாச்சும் பொறிச்சிருந்தா அழிஞ்சு போயிரும்.

நேதாஜி படையில இருந்தவருன்னா அது தனி ரூட். 1943 ஜூலையில போஸ் சிங்கப்பூர் வந்ததுக்கு அப்புறம் எஸ்டேட்ல இருந்து ஆம்பளைங்க மட்டுமில்ல பொண்ணுங்களும் ஜான்சி ராணி ரெஜிமென்ட்ல சேர்ந்தாங்க, அவங்களுக்குத் தலைமை மெட்ராஸ்ல இருந்து போன டாக்டர் லட்சுமி. இவங்க பேரைப் போர்க் கல்லறை ஆணையத்துல தேடாதீங்க, பிரிட்டிஷ்காரன் கணக்குல இவங்க எதிரி. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல் தளத்துல ஐஎன்ஏ, அதாவது நேதாஜி படையோட ஃபைல்கள் இருக்கு. வீட்டுல யாராச்சும் தியாகி பென்ஷன் வாங்கியிருந்தா அந்த விண்ணப்பத்துலயே பாதிக் கதை இருக்கும், அதை எங்க வச்சாங்கன்னு தேடுங்க.

கூலின்னா

இங்கதான் எங்க ஆளு வர்றாரு. ஜப்பான்காரனுக்குப் பர்மாவுல இருக்குற படைக்குச் சாமான் அனுப்ப ரயில் வேணும், கடல்ல போனா நீர்மூழ்கிக் கப்பல் அடிக்கும். அதனால சயாம்ல பான் போங்ல இருந்து பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர் காட்டை வெட்டி 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17ல ரெண்டு முனையையும் சேர்த்துட்டான். 60,000க்கு மேல போர்க் கைதிங்க வேலை செஞ்சாங்க, அதுல 12,000க்கு மேல செத்தாங்க. ஆசியக் கூலிங்க, மலாயாத் தமிழரு, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க எல்லாம் சேர்த்து 2 லட்சம் வாக்குல, செத்தது 90,000 வாக்குலன்னு சொல்றாங்க. முதல் கணக்குக்கும் ரெண்டாவது கணக்குக்கும் வித்தியாசத்தைப் பாருங்க, கைதிங்க எண்ணிக்கை ஆள் ஆளா எண்ணுனது, கூலிங்களோடது குத்துமதிப்பு. ஏன்னா கைதிங்ககிட்ட அதிகாரிங்க இருந்தாங்க, டாக்டருங்க இருந்தாங்க, ஒளிச்சு வச்சு லிஸ்ட் எழுதினாங்க. போர் முடிஞ்ச கையோட ஒரு குழு அந்த லைன் நெடுக போயி அந்த லிஸ்டை வச்சு 10,000க்கு மேல கைதிங்க கல்லறையைக் கண்டுபிடிச்சு காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத்னு மூணு இடத்துல வரிசையா கல்லு நட்டாங்க. கூலிங்களுக்காக அப்படி யாரும் போகல.

மூணு மாச வேலை, தினக்கூலி ஒரு வெள்ளி (மலாயா டாலர்)ன்னு சொல்லித்தான் முதல்ல ஆள் எடுத்தாங்க. ரப்பர் வியாபாரம் படுத்து எஸ்டேட்ல அரிசி இல்லாம மரவள்ளிக்கிழங்கு தின்னுட்டு இருந்த நேரம், நம்பிப் போனாங்க. போனவங்க திரும்பாததைப் பார்த்து மத்தவங்க ஒளிய ஆரம்பிச்சதும் லாரியை நிறுத்திப் புடிச்சான். சரக்குப் பெட்டியில அடைச்சுக் கொண்டு போயி இறக்கி, அங்க இருந்து காட்டுக்குள்ள நடை. 1943 மே, ஜூன்ல மழையும் காலராவும் ஒன்னா வந்துச்சு, பெரும் சாவு அப்பதான்.

இதை வச்சுத் தேடுறது எப்படின்னா, எஸ்டேட் பேரைப் புடிங்க, அதுதான் சாவி. நான் மலேசியாவுல இருக்குற தூரத்துச் சொந்தம் ஒரு மாமா மூலமா கேட்டு, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம்னு மட்டும் உறுதி பண்ணினேன். அதே எஸ்டேட்ல இருந்து போயி உயிரோட வந்தவங்க குடும்பம் இருந்தா அவங்க கதையில எந்த மாசம் ஆள் எடுத்தாங்கன்னு வரும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல ஜப்பான் ஆட்சிக் காலத்தைப் பத்தி 1980கள்ல இருந்து எடுத்த வாய்மொழிப் பேட்டிகள் இருக்கு, நிறைய ஆன்லைன்லயே கேக்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் தளத்துல அந்தக் காலத்துத் தமிழ் முரசும் இருக்கு. கண்ணு வலிக்கும், ஆனா ஒரு ராத்திரி ஆரம்பிச்சா விட மாட்டீங்க.

நேர்ல போக முடிஞ்சா பாங்காக் தோன்புரி ஸ்டேஷன்ல இருந்து காஞ்சனபுரி வழியா நாம் தோக் வரைக்கும் அதே லைன்ல இன்னிக்கும் ரயில் ஓடுது. போர்க் கல்லறையைத் தாண்டி வாட் தாவோர்ன் கோயிலுக்கும் போங்க, பேரு தெரியாத கூலிங்க அஸ்தி வச்ச நினைவிடம் அங்க இருக்கு. டூர் பஸ் எல்லாம் கல்லறையோட திரும்பிடும்.

தேடினதை எழுதி வைக்கும்போது ஒன்னு பண்ணுங்க, உறுதியானதை நீல மையில, யூகத்தைப் பென்சில்ல. எங்க வீட்டுல திதிதான் பெரிய பிரச்சனையா இருந்துச்சு, செத்த நாள் தெரியாம எண்பது வருஷமா ஒன்னுமே செய்யல. அய்யரைக் கேட்டோம், நாள் தெரியாதவங்களுக்கு மாளய அமாவாசை அன்னிக்குக் குடுக்கலாம்னாரு. போன வருஷம் குடுத்தோம். குடும்ப டைரியில அவரு பேருக்கு நேரா, இறந்த தேதிக் கட்டத்துல, சித்தப்பா பென்சில்ல எழுதியிருக்காரு: சயாம், 1943, மழைக்காலம்.